காலில் ஆணி, பில்லில் ஆப்பு

அப்பாவுக்குச் சர்க்கரை. உள்ளங்காலில் ஆணி. உணர்ச்சி குறைந்த கால், வீட்டில் பிளேடு வைத்தால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் சீவிவிட்டு நீட்டின அந்த பில் இருக்கிறதே!

கன்சல்டேஷன் தனி. தடித்த தோலைச் சீவியதற்கு ‘மைனர் ப்ரொசீஜர்’ என்று தனி. அந்த ரூமுக்குத் தனி. அதுக்குக் கீழே ஒரு ஊர்வலம்: கையுறை, சர்ஜிக்கல் பிளேடு, காஸ் துணி, பஞ்சு, டேப். ஏங்க, பிளேடு இல்லாம நகத்தாலயா சீவுவீங்க? அப்புறம் ப்ரொசீஜர் சார்ஜ் எதுக்கு, வேடிக்கை பார்த்ததுக்கா?

பெட்டாடின் முழு பாட்டில் நம்ம கணக்கு. தொட்டது நாலு சொட்டு. மீதி எங்கேம்மா? “அது ரூம்லயே இருக்கும் சார்.” இருக்கட்டும், அடுத்தவர் பில்லிலும் அதே பாட்டில் முழுசா ஏறணுமே! டேப்பும் அப்படித்தான்: ரோல் நமக்கு, ஒட்டினது ரெண்டு விரக்கடை.

இன்சூரன்ஸா? ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிப் படுத்தால்தானாம். படுத்தாலும் கையுறையை ‘நான்-பேயபிள்’, அதாவது இதுக்குப் பணம் தரமாட்டோம் என்று அடித்துவிடுவார்கள்.

கவுன்டரில் கேட்டால், “சிஸ்டம்ல அப்படித்தான் வருது சார்.” தானா வருதாம்!

கடைசி வரியில் மாஸ்க் வேறு. யார் போட்டது? எனக்கா, அப்பாவுக்கா, அவர் காலுக்கா?