கீரையும் காரணமாகலாம்
தலைவலி, வலிப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் மூளையில் தங்கும் நாடாப்புழுவுக்கு ஒரே வரிதான். அதுவும் 'பன்றி இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு வருவது' என்று. இது பாதி உண்மைகூட இல்லை. சரியாக வேகாத இறைச்சியைத் தின்றால் புழு வளர்வது குடலில். அந்தப் புழுவைச் சுமப்பவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கீரையிலோ கையிலோ ஒட்டிவந்து யார் வயிற்றுக்குள்ளாவது போனால்தான் மூளையில் புழுக்கட்டி. சுத்த சைவமான என் அக்கா மகனுக்கு அப்படித்தான் வந்தது. வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. வீட்டில் எல்லோரும் சாவிக்கொத்தைத் தேடி ஓடினார்கள். (வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே நின்றுவிடும், பெயர் என்னவோ இரும்புக்கு!) எம்.ஆர்.ஐ. படத்தில் சிறு வளையம், அதனுள் புள்ளி போலப் புழுவின் தலை.

பூச்சி மாத்திரைதானே என்று அல்பெண்டசோலைக் கடையில் வாங்கி விழுங்கிவிடாதீர்கள். புழு சாகும்போது சுற்றிலும் வீக்கம் கூடி வலிப்பு அதிகமாகலாம். அதனால்தான் மருத்துவர்கள் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் வலிப்பு மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். கண்ணிலும் புழு இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துவிடுகிறார்கள். கட்டுரையாளர் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.