கோடைக்கு மட்டும் இனிக்கும் கல்லூரி

கடந்த வாரம் நம் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி இங்கே தொடர்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரிப் பாடங்களை நடத்த, பக்கத்துச் சமுதாயக் கல்லூரியுடன் (குறைந்த கட்டணத்தில் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் ஈராண்டு அரசுக் கல்லூரி அது) செய்துகொள்ளவிருந்த ஒப்பந்தத்தை ஒத்திவைத்ததில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஒத்திவைப்பது அந்த நிர்வாகக் குழுவின் வழக்கம்தான். நம்மவர் ஒருவர் மைக்கின் முன் நின்று, எங்கும் இடம் கிடைக்காதவர்கள் படிக்கும் பாடங்களை எங்கள் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டாரே, அதற்கு அன்றிரவே நம் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தனவே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சமுதாயக் கல்லூரியில் படிப்பது கலிபோர்னியாவில் புதிய செய்தியன்று. பள்ளி முதல்வரின் பரிந்துரை, பெற்றோரின் கையெழுத்து, விண்ணப்பம், பிறகு கல்லூரி வரை கொண்டுபோய் விட்டு அழைத்துவர ஒருவர், இவை எல்லாம் அமைந்த பிள்ளைகள் நெடுங்காலமாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோடை வகுப்புகளுக்கு ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் 5 விழுக்காட்டு மாணவர்களை மட்டுமே முதல்வர் பரிந்துரைக்கலாம் என்பது, சில விலக்குகள் போக, பொது விதி. அந்த 5 விழுக்காட்டுக்குள் யாருடைய பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இந்த நிலையை மாற்றத்தான் 2015இல் ஏபி 288 (AB 288) என்ற மாநிலச் சட்டம் வந்தது. பள்ளி மாவட்டமும் கல்லூரியும் ஒப்பந்தம் செய்துகொண்டால், கல்லூரிப் பாடத்தைப் பள்ளி வளாகத்திலேயே, பள்ளி நேரத்திலேயே, மாணவர்களிடம் கட்டணம் வாங்காமல் நடத்தலாம். ஒரு மாணவர் ஒரு பருவத்தில் 15 யூனிட் (கல்லூரிப் பாடங்களை அளக்கும் அலகு) வரை எடுக்கலாம். மாநிலத்தின் 116 சமுதாயக் கல்லூரிகளுக்குத் தலைமையேற்று 2023இல் பொறுப்புக்கு வந்த சோன்யா கிறிஸ்டியன் கேரளத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளியை முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 12 கல்லூரி யூனிட்டுகளுடன் வெளியே வர வேண்டும் என்பதை அவருடைய நிர்வாகம் இலக்காக அறிவித்திருக்கிறது. நம் குழுவில் அவருடைய படத்தைப் போட்டு 'நம்ம பக்கத்து ஊர்' என்று பெருமைப்பட்டவர்களும் கைதட்டியவர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தாம்.

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் அதே குழுவில் வரும் கேள்விகளையும் நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கோடையில் அமெரிக்க வரலாற்றை எந்தக் கல்லூரியில் எடுத்தால் சுலபம், எந்தப் பேராசிரியர் தாராளமாக 'ஏ' போடுவார், பதிவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று நள்ளிரவு வரை விசாரணை நடக்கும். கல்லூரியின் ஒரு பருவப் பாடத்தைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்குச் சமமாகக் கொண்டு மதிப்பெண் சராசரியிலும் கூடுதல் எடை தருகிறது என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஆக, கோடையில் நம் பிள்ளை காரில் போய்ப் படித்தால் அது சாமர்த்தியம். அதே பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்றாவது பீரியடில் கிடைத்தால் தரம் கெட்டுவிடும். இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

நான் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசாவில், இந்த நாட்டுக்கு வந்து, வேலை செய்ய அனுமதியில்லாமல் வீட்டில் இருந்த காலத்தில், ஒரு சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பில்தான் கணக்குப்பதிவியல் படித்தேன். ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்மணி ஒருவர் சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வகுப்புக்கு வருவார். என் பக்கத்து இருக்கையில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன். இரண்டு பேருந்துகள் மாறி வருவான். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வகுப்பு முடியும் முன்பே எழுந்துவிடுவான் என்பதால், அன்றைய பயிற்சித் தாளை ஆசிரியை அவனுக்கு மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். தேய்மானக் கணக்கு எனக்குப் பிடிபடாமல் தவித்தபோது, அவன்தான் தன் நோட்டின் ஓரத்தில் ஒரு பழைய வேனின் விலையை எழுதி ஆண்டுதோறும் கழித்துக் காட்டிப் புரியவைத்தான். பருவத்தின் பாதியில் அவன் வருவது நின்றுவிட்டது. அந்தப் பாடம் அவனுடைய பள்ளியிலேயே நடந்திருந்தால், அவன் அதை முடிக்காமல் போயிருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கல்லூரி மதிப்பெண் நிரந்தரமானது, பதினைந்து வயதில் வாங்கும் 'டி' பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் வரை பின்தொடரும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். உண்மைதான், இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்த அக்கறை கோடையில் எங்கே போய்விடுகிறது? பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் பல இந்த யூனிட்டுகளை ஏற்பதில்லை என்கிறார் இன்னொருவர். நம்மில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று அவரே ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்து எழுதும் ஏபி (AP) தேர்வுகள் இருக்கும்போது இது எதற்கு என்பவர்களுக்கு, மே மாதத்தில் ஒரே ஒரு தேர்வில் எல்லாவற்றையும் பணயம் வைக்கும் முறையைவிட, ஒரு பருவம் முழுவதும் எழுதி வாங்கும் மதிப்பெண் எந்த வகையில் மட்டம் என்று கேட்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.

பாடத்தின் தரம் என்று இவர்கள் பேசுவது உண்மையில் பாடத்தைப் பற்றியதே அன்று. பொங்கல் விழாவில், என்ன படிக்கிறீர்கள் என்று அன்பாகக் கேட்ட ஒருவர், என் பதிலைக் கேட்டதும் "ஓ, கம்யூனிட்டி காலேஜா?" என்று இழுத்துவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்று எனக்குச் சம்பளம் தரும் வேலை அந்தப் படிப்பால் வந்தது. அந்த 'ஓ' மட்டும் என் காதைவிட்டுப் போகவில்லை. எந்தக் கல்லூரியில் படித்தோம் என்பதை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிற வழக்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

உங்கள் மகள் எங்கே படிக்கிறாள் என்று இதன் கீழே கேட்க வருபவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவத்தில் அவள் சமுதாயக் கல்லூரியில் உளவியல் எடுக்கிறாள். மாலையில் நான் காரில் கொண்டுபோய் விடுவேன். அந்த ஒப்பந்தம் அவளுக்குத் தேவையே இல்லை. தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோர் அன்றைய கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். கூட்டம் மாலை ஆறு மணிக்கு. அவர்களில் பலருக்கு அது வேலை நேரம்.