தாழ்வாரம் யாருடையது?

நான்கு மாதமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து புதுச்சேரியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்கிற நகரம் கட்டும் விளையாட்டில். பின்லாந்து நிறுவனம் ஒன்று உருவாக்கி 2015-இல் வெளிவந்த முதல் பதிப்பு. ஸ்கிரீன்ஷாட் பார்த்த நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பீச் ரோடு முடிஞ்சிடுச்சே, அப்புறம் இன்னும் என்ன பண்ற?" அதற்குப் பதில் கமெண்டில் அடங்காது, அதனால் இந்தப் பதிவு.

பீச் ரோடு முடிந்தது உண்மைதான். மூன்றே வாரத்தில் முடிந்தது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும், செஞ்சியிலிருந்து வந்த எட்டுக் கல்தூண்கள், 1836-இல் முதல்முதலாக விளக்கேற்றிய பழைய லைட்ஹவுஸ், பாரதி பூங்கா நடுவில் ஆயி மண்டபம், கப்ஸ் கோயில் என்கிற தேவாலயம். எல்லாமே தனியாக நிற்கிற கட்டடங்கள். சுற்றிவந்து போட்டோ எடுக்கலாம், பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் உருவம் செய்து கொண்டுவந்து வைத்தால் வேலை முடிந்தது.

மேரி என்று சொல்லும் நகராட்சிக் கட்டடத்தில் மட்டும் கை கொஞ்சம் நின்றது. 2014 நவம்பர் 29, நல்ல மழை. ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற நகராட்சிக் கட்டடம் சரிந்து விழுந்தது. மறுநாள் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். நனைந்த சுண்ணாம்பும் செங்கல்லும் குவிந்து கிடந்தன, நடுவில் உத்திரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அப்பா ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் நின்றார். பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். இடிந்துபோன ஒன்றை இந்த ஊரில் அச்சு அசலாகத் திருப்பிக் கட்ட முடியும் என்பதற்கு அது கண் முன்னால் இருக்கிற சாட்சி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

வீதிகளும் சுலபம். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. கட்டம் கட்டமான இந்த வீதி அமைப்பு அவர்கள் போட்ட திட்டத்திலிருந்து வந்தது என்பதை அந்தக் கால டச்சு வரைபடங்களை வைத்து ஆய்வாளர் ழான் தெலோஷ் விளக்கியிருக்கிறார். 1761-இல் ஆங்கிலேயர் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊர் மறுபடி எழுந்தபோது பழைய வீதிக்கோடுகளின் மேல்தான் எழுந்தது. இந்த விளையாட்டும் கட்டம் கட்டமாகத்தான் யோசிக்கும். நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி, மிஷன் வீதி, முல்லா வீதி எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் போட்டுவிட்டேன்.

வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்ததும்தான் சிக்கல் ஆரம்பித்தது. மிச்ச மூன்று மாதமும் அங்கேதான் போனது.

இந்த விளையாட்டில் ஒரு கட்டம் என்பது எட்டு மீட்டர். கூடவே வரும் சாதாரண வீதிகளில் மிகச் சின்னது இரண்டு கட்டம், அதாவது பதினாறு மீட்டர். அந்த அகலத்தில் வைசியாள் வீதியைப் போட்டேன். பார்க்க ஏதோ நகர் விரிவாக்கப் பகுதி போல இருந்தது. இந்தத் திண்ணையில் உட்கார்ந்து எதிர்த் திண்ணைக்காரரிடம் குரல் உயர்த்தாமல் பேச முடியாத வீதி, வைசியாள் வீதி ஆகாது. சரி, மாட் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் நிரல்) தேடிப் போட்டு எட்டு மீட்டர் வீதியாக்கினேன். அகலம் சரியானது. அடுத்து வீடு.

வெள்ளையர் பகுதி வீட்டை விளையாட்டு உடனே புரிந்துகொள்கிறது. வீதியோரம் உயரமான மதில், பெரிய கேட்டு, உள்ளே தோட்டம், அதற்கும் உள்ளே வீடு. மதிலுக்கு வெளியே ஊர், மதிலுக்கு உள்ளே வீட்டுக்காரர். தமிழர் பகுதி வீடு அப்படிக் கிடையாது. முதலில் தாழ்வாரம்: வீதியை ஒட்டி மரக்கால்கள், அவற்றின் மேல் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை. வெயிலில் நடந்து வருகிறவர், மழையில் மாட்டிக்கொண்டவர், யார் வேண்டுமானாலும் அதன் கீழே நிற்கலாம். அதை அடுத்துத் திண்ணை, வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார. பிறகுதான் கதவு, ரேழி, முற்றம். ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் ஆரம்பிக்கும். முன்பெல்லாம் வீதிக் கோடி வரை நிழலிலேயே நடந்து போகலாம் என்பார்கள்.

விளையாட்டு என்னைக் கேட்டது: இந்தத் தாழ்வாரம் வீடா, வீதியா? ஏதாவது ஒன்றைத்தான் சொல்ல முடியும். வீட்டோடு சேர்த்தேன். நடைபாதையில் போகிற ஜனங்கள் ஒருவரும் அதன் கீழே வரவில்லை, வெயிலிலேயே போனார்கள். வீதியோடு சேர்த்தேன். வீட்டை எடுத்த பிறகும் தாழ்வாரம் மட்டும் ஆளில்லாமல் நின்றது. இரண்டுமே பொய். வீட்டுக்காரர் செலவில் கட்டி வீதிக்குக் கொடுத்த இடம் அது. நிஜ ஊரிலும் தாழ்வாரம் இப்படித்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். பத்திரத்தில் ஒரு கோடு இழுத்து, இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் அரசாங்கத்துடையது என்று சொன்ன பிறகு தாழ்வாரம் எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாத பொருளாகிவிட்டது. ரோட்டுக்கு இடம் வேண்டும்போது முதலில் போவது அதுதான்.

கடைசியில், ஒரு வீதிப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நீளமாக ஒரே தாழ்வாரம் செய்து, அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நடைபாதை ஒன்றைப் போட்டேன். ஜனங்கள் உள்ளே நடக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு மணி இரண்டு. ஆயாவை எழுப்பிக் காட்ட வேண்டும் போல இருந்தது, காலைவரை பொறுத்துக்கொண்டேன்.

ஆயாவுக்கு எண்பத்தொன்று. லாஸ்பேட்டையில் எங்களோடு ஃபிளாட்டில் இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"திண்ண இம்மாம் உசரமாவா இருக்கும்? ஒக்காந்தா காலு தரையில படணும்டா."

இறக்கினேன்.

"திண்டு எங்க?"

திண்ணையின் ஒரு கோடியில் தலை சாய்க்க, சிமெண்டில் சரிவாகப் பூசிய மேடு. எனக்கு மறந்தே போயிருந்தது. தாத்தா மதியம் தலை வைத்துப் படுத்த இடத்தில் சிவப்புச் சாயம் தேய்ந்து வழவழவென்று வெளுத்திருக்கும். அதையும் செய்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத அளவு, ஆனாலும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போனது.

இன்னொன்றையும் இந்த விளையாட்டு எனக்குக் காட்டியது. இதில் சின்னங்கள் தனி வகை. அவற்றை வைத்தால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், கட்டடம் அப்படியே நிற்கும். குடியிருப்பு வீடுகள் வேறு வகை, தானாக வளர்பவை. அக்கம்பக்கத்தில் நில மதிப்பு ஏறினால் வீடு அடுத்த படிக்குப் போகும், பழைய உருவம் மறைந்து வேறு கட்டடம் வரும். பக்கத்தில் ஒரு பூங்கா வைத்துவிட்டு, நாலு வீடு மாறிப்போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வீதியில் நடந்ததும் இதுதான். பாகம் பிரித்தார்கள், மனையின் விலை வீட்டின் விலையைத் தாண்டியது, எங்கள் வீடும் போனது, இப்போது அங்கே கீழே பார்க்கிங் விட்ட நாலு மாடி.

விளையாட்டில் இதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. வீட்டைச் சொடுக்கி, இது வரலாற்றுக் கட்டடம் என்று குறித்துவிட்டால் உள்ளே படி ஏறினாலும் வெளி உருவம் மாறாது. இருநூற்றுப் பதினான்கு வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கினேன்.

அதனால் என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். யார் புதுச்சேரியை வரைந்தாலும், செய்தாலும், போட்டோ எடுத்தாலும் மஞ்சள் மதிலும் காகிதப்பூவும்தான் வருகின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறோமோ அதைத்தான் ஊர் சின்னம் என்று எண்ணிக் காப்பாற்றுகிறது. வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற வீதி சின்னமாகவே கணக்கில் வருவதில்லை. அங்கே ஒரு தனி வீட்டைக் காப்பாற்றி மட்டும் பிரயோஜனம் இல்லை, வரிசையாக இருந்தால்தான் அது வீதி. இதுவும் முடியாத காரியமில்லை. வைசியாள் வீதியில் ஒரு பகுதி வீட்டு முகப்புகளை இன்டாக் என்கிற மரபுப் பாதுகாப்பு அமைப்பு முன்னின்று சீர்படுத்தியது, 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. மேரியை முழுசாகத் திருப்பிக் கட்டின ஊர், இன்னும் நாலு வீதிக்குத் தாழ்வாரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். மேரிக்கு நின்ற கட்டடத்தின் போட்டோக்கள் இருந்தன. வீதிகளுக்கு அதுகூட நம்மிடம் சரியாக இல்லை.

இரண்டு பக்கமும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகைக்குப் போங்கள். கீழே முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், மாடியில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். 1736-இலிருந்து நாட்குறிப்பு எழுதிய மனிதர், 1761 ஜனவரியில் ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு இறந்தார். அவர் வீட்டைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். மாடித் தூண்கள் முடிந்தன, கீழ்த்தளம் பாதி.

அப்புறம் ஒரு உதவி. உங்கள் வீட்டு ஆல்பத்தில் கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடம் போகும் முதல் நாள் என்று வாசலில் எடுத்த பழைய போட்டோ கட்டாயம் ஒன்று இருக்கும். பின்னால் தாழ்வாரத்துக் கால் தெரிகிற மாதிரி இருந்தால் அனுப்புங்கள், வீதியின் பெயரோடு. பக்கத்தில் ஆள் நின்றால் ரொம்ப நல்லது, கூரை எவ்வளவு உயரத்தில் இறங்கியது என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வேன்.