டேப் சுற்றினால் போதாது

பழைய தையல் மெஷின் மோட்டார் வயரில் விரிசல் தெரிகிற இடத்தில் மட்டும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதும் என்று மேலே ஒருத்தர் சொல்லியிருக்கிறார். தப்பா நினைக்காதீங்க அண்ணா, அது சரியில்லை. வயசாலும் மெஷின் எண்ணெயாலும் அந்த ரப்பர் நீளம் முழுக்க கெட்டுப்போகும், ஏற்காடு மாதிரி பனிமூட்டமும் மழையும் உள்ள ஊரில் விரிசலுக்குள் ஈரம் ஏறினால் 230 வோல்ட் மின்சாரம் மெஷினின் இரும்பு உடம்புக்கே வந்துவிடலாம். நீங்களே பார்க்கலாம்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கனெக்டர் பக்கமும் கால் பெடல் பக்கமும் வயரை மெல்ல வளையுங்கள். ரப்பர் வெடித்தாலோ தூளாக உதிர்ந்தாலோ மொத்த வயரையும் மாற்றத்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால், 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் பிளக் பின்னுக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே சோதிக்கச் சொல்லுங்கள், 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டாதீர்கள்.