கிகாலி ஒப்பந்தமும் பால்கனி ஏசியும்

பருவநிலை ஒப்பந்தம் என்றாலே எல்லோரும் பாரிஸைத்தான் இழுக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்ளும், எட்டாவிட்டால் அபராதம் கிடையாது. அதற்கு முந்தைய கியோட்டோவில் வளர்ந்த நாடுகளுக்குக் கட்டாய இலக்கு இருந்தது. அமெரிக்கா கடைசிவரை ஏற்கவில்லை, கனடா 2011-இல் கழன்றுகொண்டது. உருப்படியாக வேலை செய்தது ஓசோனுக்காக 1987-இல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம்தான். சேராத நாட்டோடு அந்த வாயுக்களில் வியாபாரம் கூடாது. சேர்ந்த வளரும் நாட்டுக்கு ஆலையை மாற்றத் தனி நிதி. நல்லெண்ணத்தை நம்பாமல் போட்டதால்தான் விடுபட்ட நாடே இல்லை.

அதன் 2016 கிகாலி திருத்தம், ஓசோனை விட்டுவைத்தாலும் பூமியைச் சூடாக்கும் எச்.எஃப்.சி. என்ற ஏசி வாயுக்களைக் குறைக்கிறது. இந்தியா 2021-இல் ஏற்றது. 2028-இலிருந்து அளவு கூடக்கூடாது. பிறகு 2032-இல் 10%, 2037-இல் 20%, 2042-இல் 30%, 2047-இல் 85% குறைக்க வேண்டும். உச்சவரம்புக்கு அடிப்படை 2024 முதல் 2026 வரையிலான சராசரி, அதோடு முந்தைய தலைமுறை வாயுவான, ஓசோனை அரிக்கும் எச்.சி.எஃப்.சி.யின் பழைய அடிப்படைக் கணக்கில் 65%. (இந்த மூன்று வருஷமும் எவ்வளவு தாராளமோ, வரம்பும் அவ்வளவு தாராளம்!)

என் சண்டை அதோடு இல்லை. கிகாலி எண்ணுவது உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி மட்டும். ஏற்கெனவே இயந்திரத்துக்குள் போய்விட்ட வாயு அந்தக் கணக்கில் வராது. டில்லியின் மயூர் விஹாரிலும் ஆர்.கே.புரத்திலும் பால்கனிதோறும் தொங்குவது அதுதான்.

பழைய ஏசியில் இருக்கும் எச்.சி.எஃப்.சி. வகை வாயுவான ஆர்-22 ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், அது ஏறக்குறைய 2,600 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பின்னால் வந்த எச்.எஃப்.சி. வகைகளில் ஆர்-410ஏ இன்னும் மோசம், 2,088 மடங்கு. ஆர்-32 என்றால் 675.

ஏப்ரல் பிறந்தால் டில்லி முழுக்க ஒரே பல்லவி: "கேஸ் கம் ஹை" (கேஸ் குறைவு). மூடிய குழாய்க்குள் ஓடும் கேஸ் தானாகத் தீராது. குறைந்தால் கசிவு. பெரும்பாலும் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டில், இல்லையேல் உள்யூனிட் காயிலில். நாலா (திறந்த சாக்கடைக் கால்வாய்) ஓர வீடுகளில் சாக்கடையின் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்க அரித்து ஊசித்துளை போடும். அதைத் தேடாமல் டாப்-அப் செய்தால் அடுத்த கோடைக்குள் அதுவும் வெளியே.

ஒழுங்கான வேலை என்றால், மிச்ச வாயுவை ரெகவரி மெஷினால் சிலிண்டரில் இழுக்க வேண்டும். பிறகு நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்புநுரை தடவிக் கசிவைப் பிடித்து அடைக்க வேண்டும். அப்புறம் குழாயின் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேக்யூம் பம்பை 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை ஓட்டி, பம்பை நிறுத்தினாலும் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் கிராமைத் தராசில் வைத்து ஏற்ற வேண்டும். பம்பு கொண்டுவராதவர் கேஸையே பீய்ச்சிக் குழாயின் காற்றைத் தள்ளுவார். அந்தக் கேஸும் வானத்துக்குத்தான். ஈரம் உள்ளேயே தங்கி, கம்ப்ரசர் எண்ணெயைக் கெடுக்கும்.

வீடு மாற்றும்போது பம்ப்-டவுன் கேளுங்கள். ஏசி கூலிங்கில் ஓடும்போதே மெல்லிய குழாய் வால்வை மூடி, கேஜ் பூஜ்ஜியத்தை நெருங்கியதும் தடித்த குழாய் வால்வையும் மூடி, உடனே நிறுத்த வேண்டும். வாயு வெளியூனிட்டிலேயே அடைபடும். குழாயில் கசிவு இருந்தால் மட்டும் இதைச் செய்யக்கூடாது. காற்று உள்ளே இழுபட்டுக் கம்ப்ரசர் வெடிக்கலாம்.

அப்படிப் பூட்டிய வாயுவும் கடைசியில் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம்தான் போகிறது. டில்லியின் பழைய இரும்புச் சந்தையான மாயாபுரியில் செம்புக்காகக் குழாயை வெட்டும்போது ஒரே சீறலில் எல்லாம் முடிந்தது. அவரையும் மெக்கானிக்கையும் திட்டிப் பயனில்லை. மே மாதத்தில் வாயுவை மீட்க அரைமணி செலவழித்தால் அதற்குக் காசு தர ஆள் இல்லை. மீட்ட வாயுவுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வையுங்கள், பணம் ஏசி தயாரிப்பாளரிடமிருந்து வரட்டும். கூடவே ஒவ்வொரு வாயுவுக்கும் தனி சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்க வேண்டும். ஆர்-22-உம் ஆர்-410ஏ-வும் ஒன்றாகக் கலந்துவிட்டால் திரும்ப எதிலும் ஏற்ற முடியாது, பெரும்பாலும் உலையில் எரித்து அழிக்கத்தான் அனுப்ப வேண்டும்.