துணைக் கற்றை மிச்சக் கற்றை அல்ல

கிளிநொச்சி ஏ.எல். பிள்ளைகளும் வாசிப்பதால் சொல்கிறேன். "துணைக் கற்றை என்பது பிரதான கற்றையின் மிச்சம், நிறுத்தித்தான் அளக்கலாம்" என்று துணிக்கைக் கற்றைகளைப் பற்றித் தம்பி ஒருவர் எழுதியது இரண்டும் பிழை. ஐரோப்பிய துணிக்கை ஆய்வு மையமான செர்னின் எஸ்.பி.எஸ். ஆர்முடுக்கியிலிருந்து வரும் 400 ஜிஇவி (துணிக்கைச் சக்தியின் அலகு) புரோத்தன்கள் பெரிலியத் தகட்டில் மோதும்போது புதிதாகப் பிறக்கிற பயோன், கேயோன், இலத்திரன் போன்ற துணிக்கைகளின் ஓட்டந்தான் துணைக் கற்றை. வேண்டிய உந்தமுள்ளவற்றைக் காந்தங்கள் பிரித்தெடுக்கும்.

சரி, அளப்பதற்காகக் கற்றையை நிறுத்தினால் பின்னாலிருக்கிற பரிசோதனைக்கு என்ன போய்ச் சேரும்? அதனால்தான் கற்றையை அளக்கும் கருவியை மெல்லியதாகச் செய்ய அவ்வளவு பாடுபடுகிறார்கள். 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள, துணிக்கை பட்டால் ஒளிரும் நார்களை வரிசையாக அடுக்குவார்கள். துணிக்கை கடந்த நார் மினுங்கும். நுனியிலுள்ள சிலிக்கன் உணரி அந்தத் துளி ஒளியைப் பிடிக்கும். எந்த நார் என்று தெரிந்தால் இடம் தெரியும். தடித்த நார் போட்டால் ஒளி கூடுந்தான், ஆனால் துணிக்கை பாதை விலகிச் சிதறுவதும் அதிகமாகும். கடந்த துணிக்கை பயோனா இலத்திரனா என்று அறிய, துணிக்கையின் வகையை இனங்காணும் செரன்கோவ் எண்ணி என்ற கருவி வேறாக வேண்டும்.