எழுத்துப் பிழைதானே என்று சொல்லாதீர்கள்

நம் முன்னோர்கள் தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் வந்ததன் நினைவாக வைத்த பலகையில் ஒரு சொல் தப்பு என்று நம் குழுவில் எழுதியதற்கு இத்தனை பேருக்குக் கோபம் வரும் என்று நினைக்கவில்லை. "ஓரிரண்டு எழுத்துதானே அண்ணா, விடுங்க" என்கிறார்கள். விட முடியாது. 'டர்பனில் வந்திறங்கிய எமிக்ரன்ட்கள்' என்று ஆங்கிலத்தில் கல்லில் வெட்டி, மாலையும் போட்டாயிற்று. அது 'இமிக்ரன்ட்கள்' என்று இருக்க வேண்டும்.

எமிக்ரன்ட் என்றால் ஊரை விட்டுப் போகிறவர். இமிக்ரன்ட் என்றால் வந்து குடியேறுகிறவர். ஆள் ஒருவரேதான், எந்தக் கரையில் நின்று பார்க்கிறோம் என்பதுதான் வேறு. 1860 அக்டோபரில் ட்ரூரோ கப்பலில் மதராஸை விட்டுக் கிளம்பியவர்கள் அங்கே எமிக்ரன்ட்கள், நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கியதும் இமிக்ரன்ட்கள். வெள்ளைக்காரனே இதில் கவனமாக இருந்தான். மதராஸில் இருந்த அதிகாரி எமிக்ரன்ட்களின் புரொடெக்டர், அதாவது பாதுகாவலர்; டர்பன் இருக்கும் நேட்டாலில் இருந்தவர் இண்டியன் இமிக்ரன்ட்களின் புரொடெக்டர். நம் ஆட்களுக்கு நம்பர் போட்டவனுக்கு இருந்த கவனம் நமக்கு வேண்டாமா?

நான் ஆங்கிலப் புலமையைக் காட்டுகிறேனாம். என் தாத்தாவின் தம்பி இங்கே டர்பனுக்கு வடக்கே டோங்காட் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். 1927-இல் இந்திய, தென்னாப்பிரிக்க அரசாங்கங்கள் செய்துகொண்ட கேப்டவுன் ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் கூலியும் போனஸும் கொடுத்து நம்மவர்களை இந்தியாவுக்கு அனுப்பினார்களே, அந்தத் திட்டத்துக்குப் பெயர் 'அசிஸ்டட் எமிக்ரேஷன்'. அதில்தான் அவர் போனார், கண்ணால் பார்த்தே இராத மதராஸுக்கு. கொஞ்ச நாள் கடிதம் வந்தது, அப்புறம் இல்லை. எங்கே செத்தார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. டர்பனிலிருந்து எமிக்ரன்ட்டாகப் போனவர் எங்கள் குடும்பத்தில் அவர்தான். அந்தச் சொல்லை வந்திறங்கியவர்கள் தலையில் வைத்தால் எனக்கு வலிக்காதா?

"இமிக்ரன்ட் என்றால் வந்தேறி மாதிரி இருக்கிறது, அதனால்தான் மாற்றினோம்" என்று ஒருவர் சொன்னார். சரி, அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் வந்தவரை வந்தவர் என்று சொல்வதில் என்ன கேவலம்? இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் தலைமுறை தலைமுறையாக வந்தவர்களாகவே நடத்தினார்களே, அதுதான் கேவலம். தில்லையாடி வள்ளியம்மை ஜொஹானஸ்பர்க்கில் பிறந்தவள், காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்து இந்த மண்ணின் சிறைக்குப் போய் வந்து 1914-இல் செத்தாள். அவள் எங்கிருந்து வந்தாள்? நாம் இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டதே 1961-இல்தான். அதுவரை எப்போது கப்பல் ஏற்றுவார்களோ என்று பயந்தே வாழ்ந்தவர்கள் நம் பெரியவர்கள்.

தமிழுக்குச் சண்டை போடாமல் ஆங்கிலத்துக்கா என்று கேட்காதீர்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ் வாசிக்கிறார்கள்? கொள்ளுத்தாத்தா யார், எப்படி வந்தார் என்பதை அவர்கள் அந்த ஆங்கிலப் பலகையில்தான் படிக்கப் போகிறார்கள். அதைச் சரியாக எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதற்காக என்னைக் குழுவிலிருந்து நீக்குவதானால் நீக்கிக்கொள்ளுங்கள்.